பதினாறாவது பந்தயம்

அடுத்த வருடத்துக்கு இருபத்திரண்டு பந்தயங்கள். எந்த ஞாயிற்றுக்கிழமை எந்த நாட்டில் கார்கள் ஓட வேண்டும் என்று தேதி போடுகிற வேலையைப் பதினோரு வருடமாகப் பெரியவள்தான் பார்த்துவந்தாள். பந்தயச் சங்கத்தின் மூன்றாவது மாடியில் அவளுக்குத் தேதியம்மா என்று பெயர். எந்தத் துறைமுகத்தில் கன்டெய்னர் எத்தனை நாள் தேங்கும், எந்த ஊரில் அக்டோபர் மூன்றாம் வாரம் மழை கொட்டும் என்பதெல்லாம் அவளுக்கு விரல் நுனியில் இருந்தன.

சின்னவள் அவளுடைய தங்கை. மூன்று வருடத்துக்கு முன்பு வேலையில்லாமல் வீட்டில் இருந்தவளை, சங்கத் தலைவரிடம் தானே போய்ப் பேசிச் சேர்த்துவிட்டவளும் பெரியவள்தான். பந்தயத் தடங்களின் உரிமையாளர்களோடு போனில் பேசுகிற பிரிவில் அவளைப் போட்டார்கள். முகம் தெரியாத மனிதர்கள்கூட அவளிடம் பத்து நிமிடம் பேசினால் தங்கள் மகளின் கல்யாணத்துக்குக் கூப்பிட்டுவிடுவார்கள்.

இந்த வருடம் தலைவர் ஒரு யோசனை சொன்னார். அட்டவணையின் முதல் வரைவைச் சின்னவள் போடட்டும், தேதியம்மாவுக்கும் கொஞ்சம் ஓய்வு வேண்டாமா என்றார். எல்லோர் முன்னாலும், அக்கறையாகத்தான் சொன்னார். பெரியவளும் சிரித்துவைத்தாள்.

அன்றிலிருந்து அவளுக்கு உட்கார்ந்தால் எழுந்தால் அதே நினைப்பு. சுவரில் தொங்கும் பெரிய பலகையில், ஊர்ப்பெயர் எழுதிய காந்த வில்லைகளை இப்போது சின்னவள் நகர்த்தினாள். மழைக்காலம் எப்போது என்று கேட்க வந்தவர்கள் பெரியவளின் மேசையைத் தாண்டிப் போனார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டால் தன்னைப் பற்றித்தானோ என்று பார்த்தாள். வீட்டிலும் நிம்மதியில்லை. சாப்பாட்டு மேசையில் அம்மா சின்னவளிடம் அடுத்து எந்த நாடு, அங்கே குளிருமா என்று கதை கேட்டாள். பதினோரு வருடத்தில் பெரியவளிடம் அம்மா கேட்ட ஒரே கேள்வி, இன்றைக்கு எத்தனை மணிக்கு வருவாய் என்பதுதான்.

புதன்கிழமை மதியம் சின்னவள் வரைவை எடுத்துக்கொண்டு வந்தாள்.

“நாளைக்குக் கூட்டம். ஒரு தடவை பாத்துடு அக்கா. நீ சரின்னு சொன்னா எனக்குப் போதும்.”

பெரியவள் பென்சிலோடு உட்கார்ந்தாள். வரைவு நன்றாக இருந்தது. அதுதான் பொறுக்கவில்லை. பல வருடமாக அவளே திணறிய இரண்டு குளிர்நாட்டுப் பந்தயங்களைச் சின்னவள் அழகாக வசந்தத்துக்குக் கொண்டுபோயிருந்தாள். மோசமாக இருந்திருந்தால் அன்போடு திருத்திக் கொடுத்திருப்பாள்.

பதினைந்தாவது பந்தயத்தில் அவள் பென்சில் நின்றது. வழக்கமாக மதியம் இரண்டு மணிக்குத் தொடங்குவது. டிவிக்காரர்கள் கேட்டார்கள் என்று சின்னவள் அதை மாலை ஏழுக்கு மாற்றியிருந்தாள். அந்த ஊர் விமான நிலையத்தில் இரவு பதினொன்று முதல் காலை ஆறு வரை சரக்கு விமானம் கிளம்பக் கூடாது. ஒன்பது மணிக்குப் பந்தயம் முடிந்து, கார்களைப் பிரித்துக் கட்டி ஏற்றுவதற்குள் வாசல் மூடிவிடும். கார்களை ஏற்றும் ஏழு விமானங்களும் திங்கள்கிழமை வரிசையில் நிற்கும்; வார நாளில் அங்கே நாளுக்கு இரண்டுக்குத்தான் இடம் கிடைக்கும். பதினாறாவது பந்தயமோ அடுத்த ஞாயிறே, கடலுக்கு அந்தப் பக்கம். வியாழன் காலை சோதனைக்குக் கார்கள் நிற்க வேண்டும். பாதிக் கார்கள் வந்து சேராது.

பென்சிலைக் கீழே வைத்தாள்.

“சரியாத்தான் இருக்கு,” என்றாள்.

நாளைக்கு அத்தனை பேர் முன்னாலும் கப்பல்காரர் இதைப் பிடித்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். கப்பல்காரர் என்பது சரக்குப் போக்குவரத்து மேலாளருக்கு அலுவலகத்தார் வைத்த பெயர். முப்பது வருட அனுபவம், முகம் பார்த்துப் பேசத் தெரியாதவர். அவர் வாயால் வரட்டும் என்று நினைத்தாள். அன்று மாலை வீட்டுக்குப் போகும்போது மனசு லேசாகக்கூட இருந்தது.

கூட்டம் பத்து மணிக்கு. சின்னவள் ஒவ்வொரு பந்தயமாக விளக்கினாள். பெரியவள் கப்பல்காரரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினைந்தாவதில் அவர் புருவம் சுருங்கியது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தைத் திருப்பினார். அதற்குள் சின்னவள், இதில் ஏதாவது நன்றாக இருந்தால் அதற்கு அக்காதான் காரணம், நேற்று வரிவரியாகப் பார்த்து அவள் சரி சொன்ன பிறகுதான் கொண்டுவந்தேன் என்றாள். பொய்யில்லாத முகம்.

கப்பல்காரர் கண்ணாடியைக் கழற்றினார்.

“தேதியம்மா பாத்தாச்சா? அப்ப நான் பாக்க என்ன இருக்கு?”

ஐந்து நிமிடத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். நான்கு மணிக்குப் பத்திரிகைகளுக்கு அனுப்புவதாக ஏற்பாடு.

மதியம் பெரியவள் சாப்பிடப் போகாமல் அந்த வரைவையே திரும்பப் புரட்டினாள். தங்கை தலைகுனிவதைப் பார்க்க ஆசைப்பட்டாள். தன் பெயரின் மேல் இருந்த நம்பிக்கையே தப்பைக் கடத்திக்கொண்டு போய்விட்டது. இனி அது வெளியே தெரிவது அடுத்த வருடம், காலியான தடத்தின் முன்னால் உலகமே நிற்கும்போது. அப்போது இரண்டு பேர் பெயரும் சேர்ந்தே நாறும். இரண்டரை மணிக்குத் தலைவர் அறைக்குப் போய், விமான நிலைய நேரத்தைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்றாள். தலைவர் ஆச்சரியப்பட்டாரே தவிர, திட்டவில்லை. சின்னவளையும் கப்பல்காரரையும் கூப்பிட்டார்.

பந்தயத்தை மறுபடி மதியத்துக்கே கொண்டுபோனால் பாதி விமானங்கள் பதினொன்றுக்குள் கிளம்பிவிடும், மீதி திங்கள் செவ்வாயில் போனாலும் போதும் என்று கப்பல்காரர் கணக்குச் சொன்னார். ஆனால் டிவிக்காரர்களுக்காக அந்தத் தடத்தின் உரிமையாளரிடம் மாலை என்று வாக்குக் கொடுத்தாகிவிட்டது. சின்னவள் போனை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் அவள் கெஞ்சுவதும், தலையாட்டுவதும், கடைசியில் சிரிப்பதும் தெரிந்தன. பத்தே நிமிடம். பெரியவளாக இருந்தால் மூன்று கடிதமும் ஒரு வாரமும் ஆகியிருக்கும். அந்த நேரத்திலும் அவள் வயிறு எரிந்தது.

அட்டவணை நான்கு மணிக்கே வெளியானது. இருவரும் படியில் இறங்கும்போது சின்னவள் நின்றாள்.

“நேத்தே பாத்துட்ட, இல்ல?”

பெரியவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். இல்லை என்று சொல்லலாம். சொன்னால் இவள் நம்பவும் செய்வாள்.

“பாத்தேன்.”

“ஏன்க்கா?”

“எல்லாருக்கும் உன்னைப் புடிக்குது. எனக்குன்னு இருந்தது அந்தப் பலகை ஒண்ணுதான்.”

சின்னவள் கோபப்படவில்லை. தோள்பையைச் சரிசெய்துகொண்டாள். பிறகு, “கேட்டிருந்தா அந்த வேலையை நானே வேண்டாம்னு சொல்லியிருப்பேன்,” என்று சொல்லிவிட்டு முன்னால் இறங்கிப் போனாள். அம்மாவுக்கு இந்த விஷயம் தெரியாது. தெரியப்படுத்த வேண்டாம் என்று இருவரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை, தானாகவே நடந்தது.

அடுத்த வருடம் ஏழு விமானங்களும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. பதினாறாவது பந்தயம் மற்ற பந்தயங்களைப் போலவே நடந்து முடிந்தது. வீட்டில் சின்னவள் வழக்கம்போலப் பேசினாள், காய் நறுக்கிக் கொடுத்தாள், அக்காவின் பிறந்தநாளுக்குச் செருப்பு வாங்கி வந்தாள்.

அதற்கடுத்த வருட வரைவும் சின்னவளுடையதுதான். அது தயாரான அன்று பெரியவள் மேசையை ஒதுக்கி, பென்சிலோடு காத்திருந்தாள். சின்னவள் தாள்களை மார்போடு அணைத்தபடி வந்தாள். சாப்பிட்டாயா அக்கா என்று கேட்டாள். பெரியவள் தலையாட்டியதும், அவளைத் தாண்டிப் போய்க் கப்பல்காரரின் கதவைத் தட்டினாள். ஒரு மணி நேரம் அந்தக் கதவு திறக்கவில்லை. யாரையும் முகம் பார்த்துப் பேசத் தெரியாத அந்த மனிதர் உள்ளே ஏதோ சொல்லிச் சிரித்தது கேட்டது. தங்கை மேல் அத்தனை நாள் எரிந்ததெல்லாம் இப்போது அந்தக் கிழவர் மேல் எரிந்தது.