இருபத்தைந்து கிராம்

1

இந்தக் கதை எங்கள் வீட்டு பிரீசரில் இருக்கிறது. ஐஸ் தட்டுக்குக் கீழே, முடிச்சுப் போட்ட ஒரு பொட்டலத்தில் பாதி சாலட் இலை. என் கணவரை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று வைத்தது. இரண்டு மாதமாகத் தூக்கிப் போடவும் மனம் வரவில்லை, பிரிக்கவும் இல்லை. அதனால் எழுத உட்கார்ந்தேன்.

கதையில் வருகிற பரிசோதகர் நான்தான். ‘நான்’ என்று தொடங்கினால் இரண்டாவது வரியில் பேனா நின்றுவிடுகிறது. ஆகவே ‘அவள்’.

2

முதல் தொடக்கம்: அவள் வேலை பார்த்த ஆய்வகத்தில் காய்கறியும் பழமும் பொட்டலம் பொட்டலமாக வந்து இறங்கும்.

(பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது. இருக்கட்டும், தெரிய வேண்டியது இதில்தான் வருகிறது.)

ஒரு பொட்டலத்திலிருந்து இருபத்தைந்து கிராம் எடுத்து, சத்துநீரில் போட்டு, உடம்புச் சூட்டில் வைப்பாள். சால்மொனெல்லா என்ற கிருமி இருந்தால் மூன்றாம் நாள் சிவப்புச் சோதனைத் தட்டில் கறுப்புப் புள்ளிகள் முளைக்கும். புள்ளி இல்லையென்றால் சரக்கு தேறியது. மீதியை அழித்துவிட வேண்டும் என்பது விதி. வீட்டுக்கு எடுத்துப்போவது வழக்கம்.*

* எல்லோரும்தான். அதிகாரி மட்டும் மாம்பழம் வந்தால்.

3

இரண்டாவது தொடக்கம், கணவரிடமிருந்து. மூட்டுவாதத்துக்காக, எதிர்ப்புசக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிட்டு வந்தவர்.

“இந்த வீட்டுல பரீட்சை எழுதி பாஸான ஒரே ஆளு உன் இலைதான்,” என்றார் பொட்டலத்தைப் பார்த்ததும்.

“இருங்க, ஒரு தடவை அலசிடறேன்.”

“பாஸானவனை எதுக்கும்மா குளிப்பாட்டறே?”

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, அலசாமல், தட்டில்

(இந்த வாக்கியத்தை ஐந்து முறை முடிக்கப் பார்த்தேன். அலசியிருந்தாலும் கிருமி முழுக்கப் போயிருக்காது என்று ஒருமுறை எழுதினேன். உண்மைதான். ஆனால் அதை எழுதியது பரிசோதகர் இல்லை, மனைவி.)

எட்டாம் நாள் இறந்தார். ரத்தத்தில் சால்மொனெல்லா.

4

கதைக்கு வில்லன் வேண்டுமே. நாத்தனார் கொண்டுவந்து தந்தாள்: பேருந்து நிறுத்தத்தில் நறுக்கிய பழம் விற்பவர். அந்த வாரம் அவரிடம் அண்ணன் பப்பாளி வாங்கித் தின்றதை அவள் பார்த்திருக்கிறாள்.

“அந்தாளு கையைப் பாத்திருக்கீங்களா அண்ணி? ஈ கூட யோசிச்சுதான் உக்காரும்.”

“பழத்தாலதான்னு எப்படிச் சொல்றே?”

“வேற என்ன? மத்ததெல்லாம் உங்க கையாலதானே சாப்பிட்டாரு. கிருமியைப் பத்திப் படிச்சவங்க நீங்க. ஒரு கையெழுத்துப் போடுங்க, கடையைத் தூக்கிருவாங்க.”

புகார்த்தாள் மேசைமேல் இருக்கிறது. வாங்கிப்போக நாளை காலை பத்து மணிக்கு வருவாள்.

5

முடிவுகள்.

அ. அவள் பொட்டலத்தைப் பிரித்து இருபத்தைந்து கிராம் எடுக்கிறாள். கறுப்புப் புள்ளிகள்.

ஆ. புள்ளிகள் இல்லை. இதற்கு ஒரு பொருளும் இல்லை. பிரீசர் குளிரில் கிருமி செத்திருக்கலாம். அவர் தட்டுக்குப் போன இலையில் மட்டும் இருந்திருக்கலாம். சோதித்த இலையை யாரும் தின்பதில்லை, தின்ற இலையை யாரும் சோதிப்பதில்லை.

இரண்டும் உதவாது. தட்டு பதில் சொல்ல மூன்று நாள் ஆகும். நாத்தனாருக்கு நாளைக்கே வேண்டும்.

இ. அவள் நாத்தனாரை உட்காரவைத்து, பிரீசரைத் திறந்து, “இதையும்தான் உங்கண்ணன்

6

இன்று காலை பழக்காரரிடம் ஒரு கப் பப்பாளி வாங்கினேன்.

“சாரைக் காணோமே, வெளியூரா?” என்றார், துண்டுகளை அள்ளிப் போட்டபடி.

“ஆமாங்க.”

“வந்தா சொல்லுங்க, நல்ல பழமா எடுத்து வெக்கறேன்.”

அங்கேயே நின்று ஒரு துண்டு விடாமல் தின்றேன்.

மூன்றாவது முடிவை நான் எழுதப்போவதில்லை. பத்து மணிக்கு அழைப்புமணி அடித்தால் நீங்களே போய்க் கதவைத் திறங்கள். பேனா மேசைமேல். பொட்டலம் எங்கே என்று உங்களுக்குத் தெரியும்.