பிள்ளைக்கு இன்சூரன்ஸ்

தொண்ணூறுகளில், லண்டன் பிளேஸ்டோவில் யோகராஜாவின் கடைத் தட்டுகளில் எல்லாச் சாமானும் முன்வரிசையில் மட்டும் நின்றன. ஒரு பீன்ஸ் டின்னை எடுத்தால் பின்னால் சுவர் தெரியும். வாடிக்கையாளர் காசைக் கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் யோகராஜா பக்கத்து டின்னை இரண்டு விரலால் தள்ளி ஓட்டையை மறைத்துவிடுவார். இந்த வித்தையில் அவருக்குப் பெருமைகூட இருந்தது. ஆனால் வித்தையால் பீன்ஸ் பெருகாது. பாண் ரொட்டி இரண்டு நாளாக இல்லை. பால் காலையிலேயே முடிந்துவிடுகிறது. பால் இல்லாத கடைக்கு ஆங்கிலேயன் ஒருமுறை வருவான், மறுமுறை முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போவான்.

வினை வந்த விதம் இதுதான். சித்திரை மாதம் ஒரு மத்தியானம் கல்லாவுக்குப் பின்னால் நின்ற யோகராஜா வலிப்பு வந்து விழுந்தார். எழும்பியபோது ஆஸ்பத்திரி. டொக்டர் தலையைப் படம் பிடித்துப் பார்த்தார், பயப்பட ஒன்றும் இல்லை என்றார், போகிற போக்கில், ஒரு வருசத்துக்குக் கார் ஓடக் கூடாது என்றும் சொன்னார். யோகராஜாவைப் பொறுத்தவரை அதற்குப் பேசாமல் தலையை எடுத்திருக்கலாம். இல்ஃபோர்டில் இருக்கும் மொத்தக்கடையிலிருந்து கிழமைக்கு மூன்று தரம் சாமான் ஏற்றி வந்தால்தான் அவர் கடை கடை. இல்லாவிட்டால் வாடகை கொடுத்து நான்கு சுவருக்குக் காவல் இருப்பதுதான்.

மினிகாப் டாக்சி ஓடும் ஜம்புநாதன் சிநேகிதத்துக்காக இரண்டு தரம் கூட்டிக்கொண்டு போனார். மூன்றாம் தரம் வரச் சொல்லிக் கேட்டபோது, "அண்ணை, எனக்கும் குடும்பம் இருக்கு" என்றார். சரிதான். மனைவி சிவமலருக்குக் கார் ஓடத் தெரியாது. வீட்டில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு லைசன்ஸ். மூத்த பிள்ளை வதனாவுடையது. வயது பதினெட்டு, மூன்றாம் தரம் சோதனைக்குப் போய், போன கிழமைதான் பாஸ் பண்ணியது. கார் இருக்கிறது, பழைய நிசான் எஸ்டேட். ஓட ஆள் இருக்கிறது. நடுவில் இன்சூரன்ஸ் என்று ஒரு சுவர்.

யோகராஜா யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் சந்தையில் வாழைக்குலைத் தரகு செய்த குடும்பம். அந்தக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்குப் பேச்சு வருகிற வயதிலேயே ஒரு விசயம் விளங்கிவிடும்: விலை வெளியே வருமுன் நம்மைப் பற்றி ஒன்றும் வெளியே போகக் கூடாது. ஆர் மகன், எந்த ஊர், என்ன அவசரம் என்று தெரிந்துவிட்டால் விற்கிறவன் விலையை ஏற்றிவிடுவான். இந்த ஞானத்தோடுதான் அவர் பேப்பரில் பெரிய விளம்பரம் போட்டிருந்த ஒரு கம்பெனிக்குப் போன் எடுத்தார். இனிமையான குரலில் ஒரு பெண் அவருடைய பெயரைக் கேட்டாள்.

"விலையை முதலில் சொல்லுங்கள்" என்றார், தனக்குத் தெரிந்த இங்கிலிஷில்.

பெயர் இல்லாமல் விலை சொல்ல முடியாது என்றாள் அவள். விலை இல்லாமல் பெயர் சொல்ல முடியாது என்றார் இவர். அப்படியானால் உங்கள் மனேஜரைக் கூப்பிடுங்கள் என்றார். மனேஜரும் இதே கம்பியூட்டரைத்தான் பார்ப்பார் என்றாள். கொள்கை விசயத்தில் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. போன் வைக்கப்பட்டது.

ஆகவே ஈஸ்ட்ஹாமில் ஒரு நகைக்கடைக்கு மேலே இன்சூரன்ஸ் தரகு நடத்தும் குருமூர்த்தியிடம் போனார். மெட்ராஸ்காரர், நெற்றியில் சின்னக் கீற்றாகத் திருநீறு, மேசையில் கம்பியூட்டர். தமிழில் பேசலாம். தமிழில் பேசினால் பேரம் பேசலாம் என்பது யோகராஜாவின் கணக்கு.

"உக்காருங்க சார். யாருக்குப் பாலிசி?"

"என்ர பிள்ளைக்கு."

"வயசு?"

"பதினெட்டு. போன கிழமைதான் லைசன்ஸ் எடுத்தது."

"பேரு?"

"பேர் எங்க ஓடுது. விலையைச் சொல்லுங்கோ முதல்."

குருமூர்த்தி சிரித்தார். இப்படி ஆட்கள் அவருக்குப் புதிதல்ல. "சரி. என்ன வண்டி, எதுக்கு ஓட்டப்போறது, அதையாவது சொல்லுவீங்களா?"

யோகராஜா சொன்னார். பிறகு சரக்கைப் புகழ்ந்து விற்கிற பழக்கத்தில், "பிள்ளை நல்ல நிதானம். வேகமா ஓடாது. சிகரெட், குடி ஒண்டும் தெரியாது. கூட்டாளிமாரோட சுத்தாது. பள்ளிக்கூடம் விட்டா நேர வீட்டதான் வரும்" என்றார்.

"எல்லா அப்பாவும் இதேதான் சொல்றாங்க சார். இந்த வயசுப் பசங்கன்னாலே கம்பெனிக்கு பயம்." குருமூர்த்தி விசைகளைத் தட்டிவிட்டுத் திரையைப் பார்த்தார். "ஆயிரத்து அறுநூத்தி எண்பது பவுண்டு."

யோகராஜா முறைப்படி சிரித்தார். முதல் விலையைக் கேட்டுச் சிரிக்க வேண்டும். பிறகுதான் தொகை காதில் ஏறியது.

"காரே ஐந்நூறு பெறாது, தம்பி."

"கார் போனா ஐந்நூறோட போச்சு. அந்தக் கார் யார் மேலயாவது ஏறினா?"

"சரி, கடைசி விலை என்ன?"

"இதான் முதல் விலை, இதான் கடைசி விலை. விலையை நான் போடறதில்ல சார்."

அப்படியென்றால் ஜம்புநாதன் பெயரில் போட்டு, பிள்ளையை இரண்டாவது ஆளாகச் சேர்த்தால் என்ன என்று கேட்டார் யோகராஜா. ஜம்புநாதனுக்கு இருபது வருசச் சுத்தமான லைசன்ஸ்.

"வண்டி அவரோடதா? அவர்தான் ஓட்டுவாரா?"

"இல்லை."

"அப்ப அது பொய். எங்கயாவது இடிச்சா ஒரு பென்னி தரமாட்டான். இன்சூரன்ஸ் இல்லாம ஓட்டுச்சுன்னு உங்க பிள்ளை கோர்ட்ல நிக்கணும். பரவாயில்லையா?"

யோகராஜா எழும்பினார். இது பேரத்தின் கடைசிப் படி. வாசல்வரை மெதுவாக நடக்க வேண்டும், கூப்பிடுவார்கள். அவர் மெதுவாக நடந்தார். கதவருகே நின்று சட்டைக் கையைச் சரிசெய்தார். படியிறங்கும்போது மூன்று தரம் இருமினார். நகைக்கடை வாசலில் நின்று, வாங்கப்போகிறவர் மாதிரி வளையல்களைப் பார்த்தார். ஒருவரும் கூப்பிடவில்லை. பஸ் வந்தது.

அன்று பின்னேரம் தியாகராஜா கடைக்கு வந்தார். அவருக்கு ஏற்கெனவே இரண்டு கடைகள், மூன்றாவதுக்குப் பசி. ஒன்றும் வாங்காமல் தட்டைப் பார்த்துக்கொண்டே நடந்தார். ஒரு பீன்ஸ் டின்னை எடுத்தார். பிறகு பக்கத்து டின்னையும் எடுத்தார். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

"யோகு, சுவருக்குப் பெயின்ட் அடிச்சிருக்கலாமே" என்றார்.

"என்ன வேணும் உமக்கு?"

"உன்ர நன்மைக்குத்தான் சொல்றன். லீசை என்ர பேருக்கு மாத்தி விடு. நல்ல விலை தாறன்."

அவர் சொன்ன விலை நல்ல விலை இல்லை. கடையை அவசரமாக விற்கிறவனுக்குச் சொல்கிற விலை. யோகராஜா அதற்கும் முறைப்படி சிரித்தார். தியாகராஜா சிரிக்கவில்லை. அவரும் சந்தைக் குடும்பம்தான். "வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் இந்த விலை. சனிக்கிழமை கேட்டா இன்னும் இறங்கும்."

வியாழக்கிழமை சிகரெட்டும் முடிந்தது. அன்றைக்குக் கல்லாவில் விழுந்தது வாடகையின் ஒரு மூலைக்கும் காணாது. சனங்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, பரிதாபமாகச் சிரித்துவிட்டுப் போனார்கள். அந்தச் சிரிப்பு பேரத்தில் வருகிற சிரிப்பில்லை. யோகராஜா கடையைப் பூட்டிவிட்டு, பூட்டின கடைக்குள்ளேயே நின்று தியாகராஜாவுக்குப் போன் எடுத்தார். "ஓம், சம்மதம்" என்றார். "நாளைக்குப் பின்னேரம் வாரும். சாவி தாறன்."

வீட்டில் சொன்னபோது சிவமலர் சட்டியை அடுப்பில் வைத்தபடி நின்றார். "அந்த இன்சூரன்ஸ் மனுசன் கேட்ட காசை மாசம் மாசம் கட்டுறன் எண்டு கேட்டனீங்களோ?"

"அப்பிடிக் கேட்டா எங்களிட்டக் காசில்லை எண்டு தெரிஞ்சிடும்."

"இல்லைத்தானே."

யோகராஜா கடைச் சாவியை மேசையில் வைத்தார். பிறகு, இனி ஆரிடம் வேலைக்குப் போகிறது, வலிப்புக்காரனை ஆர் எடுப்பான் என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னார். அவர் குரல் உடைந்ததைச் சிவமலர் அதுவரை கேட்டதில்லை. சட்டி கருகுவதை இருவருமே கவனிக்கவில்லை.

மாடியிலிருந்து வதனா இறங்கி வந்தாள். அவள் பேச்சில் அப்பா என்ற சொல்லைத் தவிர மற்ற எல்லாம் இங்கிலிஷ். அப்பா, நாளைக்கு என்னையும் அந்த ஆளிடம் கூட்டிக்கொண்டு போங்கள், சனி ஞாயிறு வேலை செய்து நானே தவணை கட்டுகிறேன் என்றாள்.

"நீ வந்தா விலை கூடும், பிள்ளை."

"கடையே போகிறது, அப்பா. இதற்குமேல் என்ன கூடும்?"

வெள்ளிக்கிழமை மத்தியானம் இருவரும் நகைக்கடைக்கு மேலே ஏறினார்கள். யோகராஜா நம்பிக்கையோடு போகவில்லை. பிள்ளையின் ஆசைக்குப் போனார். சாமான் வாங்க வைத்திருந்த காசு முழுவதும் சட்டைப் பையில் இருந்தது. குருமூர்த்தி வதனாவைப் பார்த்துத் தலையாட்டினார், பிறகு அவளுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார்.

"பையன் வரலையா சார்?"

"எந்தப் பையன்?"

"உங்க பையன். பாலிசி கேட்டீங்களே."

"எனக்கேது பையன்? மூண்டும் பொம்பிளைப் பிள்ளையள்."

குருமூர்த்தி நாற்காலியில் நிமிர்ந்தார். "பிள்ளைன்னு சொன்னீங்களே."

"இது பிள்ளைதானே" என்றார் யோகராஜா, வதனாவைக் காட்டி. "பிறகென்ன, ஆட்டுக்குட்டியோ?"

"எங்க ஊர்ல பிள்ளைன்னா பையன், பொண்ணுன்னா பொண்ணுன்னுதான் சொல்லுவோம். நீங்க அவனா அவளான்னு சொல்லாம லைசன்ஸ் எடுத்தது, வேகமா ஓடாது, வீட்டுக்கு வரும்னு பேசினீங்க. குடி கிடையாது, சிகரெட் கிடையாதுன்னு வேற சொன்னீங்க. பொண்ணுக்கு யாராவது அப்படி சர்டிபிகேட் குடுப்பாங்களா? நான் பையன்னே போட்டுட்டேன்." அவர் விசைப்பலகையை இழுத்தார். "பேரையாவது சொல்லித் தொலைச்சிருக்கலாமே சார்."

"பொம்பிளைப் பிள்ளை எண்டா கூடத்தானே வரும்? ஓடத் தெரியாது எண்டுதானே நினைப்பினம்?"

"நீங்க நினைப்பீங்க. கம்பெனி நினைக்காது. பசங்கதான் ராத்திரி ரேஸ் விட்டுட்டு மரத்துல போய் மோதறானுங்க. பொண்ணுங்களுக்குப் பாதி." அவர் வதனாவிடம் பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் கேட்டார். அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். யோகராஜாவுக்குத் தன் உடுப்பை யாரோ கழற்றுவதுபோல் இருந்தது. "எண்ணூத்தி முப்பது. அஞ்சில ஒரு பங்கு இப்ப, மிச்சம் மாசம் மாசம்."

யோகராஜா வாயைத் திறந்தார். நாற்பது வருசப் பழக்கம் நாக்கில் ஏறி நின்றது. "கடைசி விலை—"

மேசைக்கடியில் வதனாவின் சப்பாத்துக் கால் அவருடைய கணுக்காலில் விழுந்தது. அவர் வாயை மூடிக்கொண்டு காசை எடுத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்ட விலையைக் கொடுத்தார். நோட்டுகள் கையைவிட்டுப் போகும்போது ஒரு மாதிரித் தலைசுற்றியது. வலிப்பு வருகிறதோ என்று பயந்தார். வரவில்லை.

அங்கேயே எழுதிக் கொடுத்த கவர் நோட் என்ற தற்காலிக இன்சூரன்ஸ் சீட்டை வதனா இரண்டு தரம் வாசித்தாள்.

அவர்கள் திரும்பி வந்தபோது தியாகராஜா கடைக்குள் அளவு நாடாவோடு நின்றார். குளிர்ப்பெட்டி எங்கே வைப்பது என்று சிவமலரிடமே கேட்டுக்கொண்டிருந்தார்.

"சாவியைத் தா, யோகு."

"தியாகண்ணை, பிள்ளைக்கு இன்சூரன்ஸ் கிடைச்சிட்டுது. கடை குடுக்கேல்லை."

தியாகராஜா நாடாவை மெல்லச் சுருட்டினார். "நேற்று ஓம் எண்டனி."

"ஓம். எண்டனான்."

"இப்ப?"

"இப்ப இல்லை எண்டுறன்." அட்வான்ஸ் வாங்கவில்லை, எழுதவில்லை என்று ஏதாவது சாட்டுச் சொல்லலாமா என்று யோகராஜா யோசித்தார். சொன்ன சொல்லை உடைக்கிறவன் அதைப் பொட்டலம் கட்டிக் கொடுக்கத் தேவையில்லை.

"இனி உன்னோட ஆரும் வியாபாரம் கதைக்க மாட்டினம். எல்லாருக்கும் சொல்லுவன்."

"சொல்லும்."

தியாகராஜா போகும்போது கதவைச் சாத்திய வேகத்தில் முன்வரிசையில் நின்ற இரண்டு டின்கள் கவிழ்ந்தன. சிவமலர் எடுத்து நிமிர்த்தினார். "அந்த மனுசன் செய்யக்கூடிய ஆள்" என்றார்.

"தெரியும்."

மொத்தக்கடை பூட்ட இன்னும் நேரமிருந்தது. யோகராஜா பையில் மிச்சம் இருந்ததை எண்ணிப் பார்த்தார். பாணும் பாலும் வாங்கலாம், இரண்டு பெட்டி சிகரெட் வாங்கலாம், பீன்ஸ் வாங்கப் போதாது. தட்டு முன்வரிசையோடுதான் நாளைக்கும் நிற்கும். மொத்தக்கடைக்காரன் கடன் தருவானோ என்று யோசித்தார். அங்கேயும் கம்பியூட்டர் வந்துவிட்டது.

வதனா காரைக் கிளப்பினாள். அது ஒரு தரம் குதித்து நின்றது. இரண்டாம் தரம் நகர்ந்தது. யோகராஜா பக்கத்து சீட்டில் இருந்து, தனக்கு முன்னால் இல்லாத பிரேக்கைக் காலால் அழுத்தினார். முச்சந்தியில் பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடித்தது.

"அப்பா, அவன் ஏன் அடிக்கிறான்?"

"அவன்ர அவசரம். நீ பாத்து எடு."

அவள் பார்த்தாள். இன்னும் பார்த்தாள். பஸ் திரும்பவும் அடித்தது. பிறகு ஒரு இடைவெளி கிடைத்தது. இல்ஃபோர்ட் பக்கமாக நிசான் திரும்பியது.