'செட்' என்னும் சொல்லுக்கு இரண்டு வேர்

மாலை நான்கு மணி வெயில் கபாலீசுவரர் கோயிலின் மேற்குக் கோபுரத்தைச் சுட, தெப்பக்குளத்து நீர் கண்கூச மின்ன, நிலத்தடித் தொடர்வண்டிக்கெனத் தோண்டிய பள்ளங்களைச் சுற்றி ஊர்திகள் முட்டாத குறையாய் ஊர்ந்துகொண்டிருந்த மயிலைத் தெருவில், அகராதித் தொகுப்பாளர் சுந்தரராமன் மூன்று சக்கரத் தானியொன்றில் இருப்புக்கொள்ளாமல் அமர்ந்திருந்தார். ஆறு மணிக்குள் அச்சகம் சேரவேண்டிய தாள் அவர் மடியில் இருந்தது.

அத்தாள், அன்பரே, 'செட்' என்னும் சிறிய ஆங்கிலச் சொல்லுக்குரியது. கதிரவன் மறைவதும், பாகு இறுகுவதும், முறிந்த எலும்பைப் பொருத்துவதும், கிண்ணங்களின் தொகுதியும் அச்சொல்லே. அத்தனையையும் 'அமரச் செய்தல்' என்னும் பழைய ஆங்கில வேரொன்றில் அடக்கினார் சுந்தரராமன். தொகுதி என்னும் பொருள் மட்டும், பின்பற்றுவோர் கூட்டத்தைச் சுட்டிய இலத்தீன் சொல்லில் பிறந்து பிரெஞ்சு வழியே வந்ததென மறுத்தார் உடன்தொகுப்பாளர் அன்வர் பாஷா. முப்பதாண்டு நண்பரை அகராதிக் குழுவினர் எல்லார் முன்னும், "உனக்கு லத்தீன்ல என்ன தெரியும்?" என்று கேட்டுவிட்டு எழுந்துபோனார் சுந்தரராமன். மூன்று வாரமாகப் பேச்சில்லை.

பாஷா சொன்னதே சரியென்று மறுநாளே நூல்களில் கண்டார்; வாய்திறக்கத்தான் மனம் வரவில்லை. இருவர் கையொப்பமுமின்றி எத்தாளும் அச்சேறாது. திருத்தத்தின் காரணத்தை ஓரத்தில் எழுதவேண்டும். இவை அவர்கள் வகுத்த முறைகள். எனவே, 'பாஷா கூற்றே சரி. நான் பிழைபட்டேன்' என்று பொடியெழுத்தில் எழுதி, அவரே படித்துக்கொள்ளட்டும், நாம் ஒன்றும் சொல்லவேண்டியதில்லை என்று சிந்தாதிரிப்பேட்டையிலிருந்த பாஷா வீட்டுக்குப் புறப்பட்டிருந்தார். கெட்டிக்காரர்தான்.

கதவைத் திறந்த மகள் ஜுவேரியா, தந்தைக்கு நான்கு நாள் முன்பு கண்ணில் அறுவை நடந்ததென்றும், மறுகண்ணும் மங்கலென்றும் சொன்னாள். இதை அயலார்போல் கேட்க நேர்ந்ததே என்று சுந்தரராமன் நெஞ்சு குமைந்தார்.

கட்டிலில் சாய்ந்திருந்த பாஷா தாளை வாங்கவில்லை. "நீயே படி" என்றார். விரைந்து படித்தவர் ஓரக்குறிப்புக்கு முன் நின்றுவிட்டார்.

"ஓரத்துல இன்னா கீது? அதையும் படி."

படித்தார். பிறகு தாளை மடித்துவிட்டு, "இதுல எழுதாதது ஒண்ணு இருக்கு, பாஷா. அன்னிக்கு உன்னைப் பேசினது என் திமிர்" என்றார்.

பாஷா எழுதுகோலுக்குக் கைநீட்டி, எங்கே ஒப்பமிடவேண்டுமென்று கேட்டார். சுந்தரராமன் தாளை விரித்து, அவர் மணிக்கட்டைப் பிடித்து உரிய இடத்தில் வைத்தார். எழுத்துகள் கோணலாய்ச் சரிந்தன. முப்பதாண்டுகள் பிறர் சொற்களுக்குப் பொருள் எழுதியவர், தம் சொல்லொன்று நண்பனுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்பதை, மெலிந்த அந்தக் கையைப் பிடித்திருந்தபோதுதான் அறிந்தார்.