உட்கார்ந்தார்

எங்கள் ஆஸ்பத்திரியில் இருநூற்றுப் பன்னிரண்டு நாளாக ஒருவரும் கீழே விழவில்லை. நான் சொல்லவில்லை, வரவேற்பறையில் மாட்டியிருக்கும் பலகை சொல்கிறது. அத்தனை நாளும் எல்லோரும் உட்கார்ந்தார்கள். கழிப்பறையில் உட்கார்ந்தார்கள், கட்டிலடியில் உட்கார்ந்தார்கள். கீழ்க்கட்டளையிலிருந்து வந்த பெரியம்மா ஒருவர் மாடியிலிருந்து ஏழு படி உட்கார்ந்துகொண்டே இறங்கினார். எல்லாம் தர அதிகாரி நிகிலின் தமிழ்த்தொண்டு. ‘விழுந்தார்’ என்று பதிவேட்டில் எழுதினால் பலகை பூஜ்யமாகிவிடும். அரை மணிக்குள் டாக்டர் வந்து பார்க்க வேண்டும், தலையில் அடி என்றால் ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும். உட்கார்ந்தவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் போதும்.

பத்தொன்பது வருஷமாக நர்ஸாக இருக்கும் நானும் நாலு பேரை அப்படி உட்கார வைத்திருக்கிறேன். ஈவ்லின் என்ற வெட்கங்கெட்ட கையெழுத்து ஒவ்வொன்றுக்கும் கீழே இருக்கிறது.

இன்று இரண்டு மணிக்குத் தரச் சான்றிதழ் கொடுக்கும் குழு வருகிறது. அவர்கள் முகம் பார்ப்பதற்காகத் தரையை மூன்றாவது தடவையாகத் துடைத்தார்கள். ஈரத்தரை என்று எச்சரிக்கும் மஞ்சள் பலகையை நிகில் எடுக்கச் சொல்லிவிட்டான். போட்டோவில் அசிங்கமாக இருக்குமாம். அந்தப் பளபளப்பில்தான் அஸ்தினாபுரம் சாம்பசிவன் வழுக்கி, கதவு நிலையில் தலை மோத விழுந்தார். தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். காதுக்குப் பின்னால் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது.

“உட்கார்ந்தார்னு போட்டுருங்க சிஸ்டர். ஐஸ் வைங்க, போதும்” என்றான் நிகில். அவன் சட்டையில் ‘உங்கள் பாதுகாப்பே எங்கள் மூச்சு’ என்ற பட்டை மின்னியது. நல்ல மூச்சு! பிறகு குனிந்து, “ஐயா, யாராவது கேட்டா உட்கார்ந்தேன்னு சொல்லுங்க, என்ன?” என்றான். சாம்பசிவன் பணிவாகத் தலையாட்டினார்.

பதிவேட்டைத் திறந்தேன். பழகின கை ‘உ’ போட்டுவிட்டது.

அப்போது அவர் மனைவி சாவித்ரி என் தோளைத் தொட்டார். “சிஸ்டர், நல்லாத்தான் பேசிட்டிருந்தாரு. இப்போ எம் பேரு என்னன்னு கேட்டா யோசிக்கிறாரு.”

‘உ’வை அடித்துவிட்டு, ‘விழுந்தார், தலையில் அடி, 1.35’ என்று பக்கத்தின் பாதியை அடைக்கிற மாதிரி எழுதினேன்.

“சிஸ்டர்! இருநூத்திப் பன்னெண்டு நாள்!”

“நீயே வெச்சுக்கோ அதை” என்றேன். பத்தொன்பது வருஷத்தில் ஒரு அதிகாரியை நான் ‘நீ’ என்றது அதுதான் முதல் தடவை. டாக்டருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, சக்கர நாற்காலியில் அவரை உட்கார வைத்தேன். இது நிஜமாகவே உட்கார்ந்தது.

ஸ்கேன் அறைக்கு வரவேற்பறையைத் தாண்டித்தான் போக வேண்டும். குழு சீக்கிரமே வந்துவிட்டிருந்தது, கையில் பூங்கொத்துகளோடு. அதில் ஒருவர் வழியை மறித்துக் குனிந்து, “எப்படி ஐயா இருக்கீங்க? நல்லா கவனிச்சுக்கறாங்களா?” என்றார்.

ஆயுசு முழுக்க அதிகாரிகள் சொன்னதைத் தட்டாத மனுஷர், நிமிர்ந்து உட்கார முயன்றார்.

“நான் விழல சார். உக்... உக்...”

மிச்சம் வரவில்லை. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. பூங்கொத்துகளை இடித்துக்கொண்டு நாற்காலியைத் தள்ளி ஓடினேன். சாவித்ரி செருப்பில்லாமல் கூடவே ஓடிவந்தார். திருப்பத்தில் ஒரு கணம் திரும்பிப் பார்த்தேன். நாற்காலிச் சக்கரங்கள் விட்டுப்போன தடத்தை, நிகில் கை காட்டக் காட்ட, தரை துடைக்கும் அம்மா அவசர அவசரமாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.