அந்தப் புதன்கிழமை பதினோரு பேர்

கிளை ரயில் பாதையை மூடி முப்பத்தோரு வருஷம் கழித்துத்தான் ஊருக்கு அதன்மேல் பாசம் பொங்கியது. பழைய ஸ்டேஷனுக்கு வெள்ளையடித்து நூலகமாக்கினார்கள். திறப்பு விழாவில் பாதையின் வரலாற்றையும் புத்தகமாக வெளியிட ஒரு குழு அமைத்தார்கள். குழு என்றால் தலைவர்தான். மற்ற நால்வர் டீ குடித்தார்கள்.

தலைவர் அவளுடைய கணவர். பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வுபெற்றவர். சாப்பாட்டு மேஜையைச் சுற்றி நடந்தபடி அவர் சொல்வார், அவள் கம்ப்யூட்டரில் தட்டுவாள். தட்டியதைத் திரும்பப் படிக்கும் வழக்கம் அவருக்கு இல்லை. தான் சொன்னது தப்பாகாது என்ற நம்பிக்கை.

"இரும்புக் குதிரை கனைத்துக்கொண்டு காற்றாய்ப் பறந்தது. போட்டாச்சா?"

போட்டாள். அந்தக் குதிரை நாற்பது கிலோமீட்டரை மூன்று மணி நேரத்தில் கடந்தது. ஏற்றத்தில் ஆண்கள் இறங்கி, வேலியோரம் ஒதுங்கிவிட்டு, கடைசிப் பெட்டியில் நிதானமாக ஏறிக்கொள்வார்கள். தண்டவாளத்தை ஒட்டிய வீட்டு ஜன்னலிலிருந்து யாராவது "தலை வாரிட்டு வந்துடறேன்" என்று குரல் கொடுத்தால், கார்டு பச்சைக் கொடியைச் சுருட்டிக்கொண்டு காத்திருப்பார். டிக்கெட் வாங்குகிறவனை வெளியூர்க்காரன் என்று எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அவளுக்கு இதெல்லாம் யாரும் சொல்லத் தேவையில்லை. அந்த ஸ்டேஷனில் டிக்கெட் கொடுத்தவளே அவள்தான்.

கடைசி அத்தியாயத்துக்கு வந்ததும் அவர் குரலைத் தாழ்த்தினார். "பாதையை மூடலாமா என்று பார்க்க ரயில்வே ஆள் பயணிகளை எண்ண வந்த நாளில், விலைபோன கார்டு எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டி ஊருக்குத் துரோகம் செய்தார்."

அவள் விரல்கள் நின்றன. "கார்டு அண்ணா அப்படிச் செஞ்சார்னு யார் சொன்னா?"

"ஊரே சொல்லுது."

"ஊருக்கு யார் சொன்னா?"

"வரலாறுன்னா ஒரு துரோகி வேணும். இல்லேன்னா எவன் படிப்பான்?"

"மனுஷன் உயிரோட இருக்கார். விழாவுக்கு வேற கூப்பிட்டிருக்கோம்."

"முன் வரிசையில நாற்காலி போடறோமே, போதாதா?"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அந்தப் புதன்கிழமை நீங்க ஏன் ரயில்ல வரல?"

"காய்ச்சல். மறுநாள் கார்டுகிட்டகூடச் சொன்னேனே."

"ஊருக்கேவா காய்ச்சல்?"

"அடுத்த பாரா," என்றார் அவர்.

அப்போது அவர் பக்கத்து ஊர்ப் பள்ளியில் புது வாத்தியார். தினமும் தவறாமல் டிக்கெட் ஜன்னலுக்கு வந்தவர் அவர் ஒருவர்தான். ஒரு நாளும் டிக்கெட் வாங்கியதில்லை. புதன்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து ஆள் வருவதாகக் கடிதம் வந்தபோது, மாட்டிக்கொள்வாரே என்று அவள் மனசு கேட்கவில்லை. "அன்னிக்கு மட்டும் வராதீங்க," என்றாள். அவர் தன் நண்பர்கள் மூன்று பேரிடம் சொன்னார். பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

புதனன்று ரோட்டில் சைக்கிள் போக இடமில்லை. ரயிலில் பதினோரு பேர். வந்த ஆள் யாரிடமும் டிக்கெட் கேட்கவில்லை. தலையை எண்ணிவிட்டுப் போகத்தான் வந்திருந்தார்.

"நாளைக்கு வந்து எண்ணுங்க சார், நிக்க இடம் இருக்காது," என்று கார்டு கெஞ்சியதை அவள் ஜன்னலுக்குப் பின்னாலிருந்து கேட்டாள். வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அவள் வேலை போயிருக்கும். திறக்காததால் ரயிலே போயிற்று. ஆறு மாதத்தில் பாதையை மூடினார்கள். எட்டாவது மாதம் அவளுக்குக் கல்யாணம். பழி மட்டும் கார்டு தலையில் விழுந்தது. இதுவரை அது வெறும் வாய்ப்பேச்சு. அச்சில் ஏறிவிட்டால் அவர் பேரப்பிள்ளைகள்வரை துரத்தும்.

அடுத்த பாராவை அவர் சொல்லச் சொல்ல, அவள் வேறொன்றைத் தட்டினாள்.

விழாவில் முந்நூறு பிரதிகள் அடுக்கியிருந்தன. முன் வரிசையில் கார்டு, கைத்தடியை முழங்காலுக்கிடையே நிறுத்தி உட்கார்ந்திருந்தார். தலைவர் கடைசி அத்தியாயத்தைத் தானே வாசித்தார். வாத்தியார் வாய், ஓட ஆரம்பித்தால் சட்டென்று நிற்காது.

"நாளைக்கு வந்து எண்ணும்படி கார்டு கெஞ்சினார். வந்தவர் கேட்கவில்லை. டிக்கெட் கொடுத்தவள் முன்பே தன் வருங்காலக் கணவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாள். அவர் மூன்று பேரிடம் சொன்னார். அன்று பயணம் செய்தவர்கள் பதினோரு பேர். இந்த வரலாற்றை எழுதியவர்..."

நின்றுவிட்டார். பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவள் பார்வையை விலக்கவில்லை.

"சத்தமா படிங்க சார். காது மந்தம்," என்றார் கார்டு.

"...அவர்களில் ஒருவர் அல்ல."

மூன்றாவது வரிசையில் தையல்காரர் தொண்டையைச் செருமினார். "நானும் சைக்கிள்லதான் போனேன்."

"எங்கப்பா வயித்துவலின்னு படுத்துட்டார்," என்றாள் மருந்துக்கடைக்காரி. அப்புறம் ஆளாளுக்குப் பேச்சு. முப்பத்தோரு வருஷத்து வயிற்றுவலியும் சுளுக்கும் ஒன்றொன்றாக வெளியே வந்தன.

கூட்டம் கலைந்ததும் அவர் அவளிடம் வந்தார். "என் வரலாற்றையே கெடுத்துட்டியே."

"துரோகி வேணும்னீங்க. ஒருத்தர் கேட்டீங்க, ஊரையே கொடுத்திருக்கேன். என்னையும் சேர்த்துத்தான்."

அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "கார்டுகிட்ட நான் என்னத்தைச் சொல்ல?"

"வாசல்ல நிக்கறார். வாங்க, ரெண்டு பேருமா போவோம்."

கார்டு கைத்தடியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றி, இருவரையும் பார்த்தார். வாத்தியார் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டு கேட்டார்.

"அந்தக் காய்ச்சல் இப்பத் தேவலையா சார்?"