முனியம்மா பேரில் எழுதிய பாவு

நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய் ஐம்பது பைசா. தறியில் ஏற்றுமுன் மழையில் நாசமான பட்டுப் பாவு இழைகளுக்காக நெசவாளி முனியம்மா கூட்டுறவுச் சங்கத்துக்குத் தரவேண்டிய பாக்கி என்று செகரட்டரி குப்புராஜ் கூட்டத்தில் வாசித்தார்.

தலைவர் நாற்காலியில் இருந்த ஜெபராணி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டாள்.

அந்த ஐப்பசிக் காலையில் கஞ்சி போட்டு உலர்த்தத் தெருவில் பாவை நீட்டச் சொன்னது அவள்தான். "மேகம் எறங்கிகினு கீதுக்கா, நாளைக்கு நீட்டலாம்" என்றாள் முனியம்மா. தீபாவளி ஆர்டர் தள்ளிப்போகுமே என்ற பயத்தில், "நீட்டு, நான் சொல்றேன்" என்றாள் ஜெபராணி. தலைவரான பிறகு அவள் போட்ட முதல் உத்தரவு. கஞ்சி தடவி முடிப்பதற்குள் மழை கொட்டியது. கரையின் பச்சைச் சாயம் உடலின் மஞ்சளில் இறங்கி, இழைகள் ஒட்டிக்கொண்டன.

பட்டு யார் பேரில் வாங்கியதோ, நஷ்டமும் அவர் பேரில் என்பது சங்க வழக்கம். ஜெபராணியின் பேர் எங்கும் வரவில்லை.

இரண்டு கோஷ்டி ஒத்துவராததால் கிடைத்த நாற்காலி அது. முப்பது வயதுக்கு மேல் இரவுப் பள்ளியில் எழுத்துப் படித்தவளைத் தெரியாமல் உட்கார வைத்துவிட்டார்கள், ஒருநாள் எழுப்பிவிடுவார்கள் என்றே நினைத்திருந்தாள். வாயைத் திறந்தால் இன்றே அந்த நாள்.

"முனியம்மா தறியை ஜப்தி பண்ணணும். கையெழுத்துப் போடுங்க தலைவரம்மா. மெதுவாவே போடுங்க" என்றார் குப்புராஜ். பின்னால் சிரித்தார்கள்.

முனியம்மா அவளைப் பார்க்கவேயில்லை. காட்டிக்கொடுக்க மாட்டாள். அது ஜெபராணிக்குப் புரிந்தது.

பேனாவை மூடினாள். "நீட்டச் சொன்னது நான். முனியம்மா வேணாம்னுதான் சொல்லிச்சு."

முன்னாள் தலைவர் துரை எழுந்தார். "பொம்பளைக்கு இன்னா தெரியும்னு அப்பவே சொன்னேன். எறங்கும்மா, ஜல்தியா."

எழுந்துவிடத்தான் பார்த்தாள். ஆனால் துரை வாங்கிவந்த சாயம் நினைவுக்கு வந்தது. விற்ற புடவைகள் வெளுத்துத் திரும்பின. நஷ்டத்தைச் சங்கம் ஏற்றது. மறுநாளும் அவர் வெற்றிலை மென்றுகொண்டு இதே நாற்காலியில்தான் இருந்தார்.

"உங்க சாயம் வெளுத்துச்சே, அப்போ நீங்க எறங்கினீங்களாண்ணா?"

"அது வேற. சாயக்காரன் ஏமாத்திட்டான்."

"என்னை வானம் ஏமாத்திச்சு."

பெண்கள் பக்கம் சிரிப்பு வந்தது.

"தலைவர் சொல்லி வந்த நஷ்டம் சங்கத்து நஷ்டம். அன்னைக்கு அப்படித்தானே எழுதினீங்க? ஒத்துக்கறவங்க கை தூக்குங்க."  

ஒரு கையும் எழவில்லை.

"நம்ம போனஸ்ல புடிப்பாங்களா?" என்று பெண்கள் பக்கமிருந்து கேட்டாள் கன்னியம்மா.

"புடிப்பாங்க. எனக்கும் சேத்துதான்."

கன்னியம்மா யோசித்தாள். பிறகு கையைத் தூக்கினாள். அவளைப் பார்த்துப் பெண்கள் தூக்கினார்கள். துரையின் ஆட்களிலும் சிலர் தூக்கினார்கள்.

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்க்கா. தூக்கமே போச்சு எனக்கு" என்றாள் முனியம்மா.

ஜெபராணி நோட்டைக் குப்புராஜ் பக்கம் நகர்த்தினாள். குப்புராஜ் கைகளை மறுபடி எண்ணிப் பார்த்துவிட்டு, முனியம்மாவின் பாக்கி தள்ளுபடி என்று எழுதினார்.