மூன்றாவது சக்கரம்

தொப்பியைக் கழற்ற மறந்தேன். நான் செய்த தப்பு அவ்வளவுதான். மீதியைப் புவியீர்ப்பு பார்த்துக்கொண்டது.

ஜெர்மனியில் எங்கள் அமெரிக்க ராணுவ முகாமின் கிளப்பில் கடுமையான சட்டம் ஒன்றே ஒன்று. தொப்பியோடு உள்ளே நுழைந்தவன் எல்லாருக்கும் ஒரு சுற்று பியர் வாங்கித் தர வேண்டும். பார்த்தவர் ஓடிப்போய் பாரின் மேல் தொங்கும் பித்தளை மணியை அடிப்பார். கிளப்பின் உதவி மேலாளரான நானே, பியர் பெட்டிகள் அடுக்கிய தள்ளுவண்டியோடு தொப்பியும் தலையுமாக நுழைந்தேன். மணி அடித்தது. திடுக்கிட்டுத் திரும்பினேன். வண்டியும் திரும்பி, சுவரோரம் நின்ற, காசு போட்டுச் சூதாடும் ஸ்லாட் மெஷினில் மோதியது. அது குப்புற விழுந்து, முதுகுக் கதவு திறந்துகொண்டது.

"டேய் லூதர், அதைக் கொன்னுட்டியேடா! என் சம்பளமெல்லாம் அது வயித்துலதான் இருக்கு!" என்று கத்தினான் கார்ப்பரல் யான்சி.

அவன் பாதி வேடிக்கையாகத்தான் சொன்னான். மனைவியும் அவன் இன்னும் பார்த்திராத கைக்குழந்தையும் அமெரிக்காவில், ஐயோவாவில் இருந்தார்கள். அவன் பதவிக்கு அரசாங்கம் குடும்பத்துக்கு டிக்கெட் தராது. அதனால் சம்பள நாள் தவறாமல் அந்த மெஷின் முன்னால் நின்றான். மூன்று சக்கரத்திலும் ஏழு ஒரே கோட்டில் நின்றால் பெரிய பரிசு; அந்தப் பணத்தில் இருவரும் விமானம் ஏறிவிடலாம். குழந்தையின் படத்தை கிளப் மேலாளர் சார்ஜென்ட் டாலிவரே மணிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தார்.

மெஷினை நிமிர்த்தியதும், உடைந்திருக்கிறதா என்று சக்கரங்களைக் கையால் சுற்றிப் பார்த்தேன். முதல் இரண்டும் எல்லாப் படத்திலும் 'டக்'கென்று நின்றன. மூன்றாவது செர்ரியில் நின்றது, எலுமிச்சையில் நின்றது. ஏழு வந்தால் மட்டும் வழுக்கிக்கொண்டு போனது. சக்கரத்தை நிறுத்தும் கொக்கி விழ வேண்டிய பள்ளத்தை யாரோ ஈயம் ஊற்றி அடைத்திருந்தார்கள்.

டாலிவரின் அறைக்குப் போனேன். வியட்நாம் போருக்கு அனுப்பும் பட்டியலில் இருந்த என் பெயரை அடித்துவிட்டு என்னை இங்கே இழுத்துக்கொண்டவர் அவர். என் வீரத்தைப் பற்றி எனக்கு எந்தப் பிரமையும் இல்லை. பியர் பெட்டியோடு போராடுவதே என் தகுதிக்கு மிஞ்சிய போர்.

"சார்ஜென்ட், அந்த மூணாவது சக்கரத்துல…"

"கீழ போட்டா கோணத்தான் செய்யும்."

"கோணல் இல்லீங்க, ஈயம்."

"உனக்கு இங்க குளிரு அதிகமா இருக்கோ? சூடான ஊரு ஒண்ணு இருக்கு, அனுப்பட்டுமா?"

சிரித்தார். நானும் சிரித்தேன். வெளியே வந்த பிறகும் சிரிப்பை நிறுத்த முடியவில்லை. பயந்தால் எனக்கு அப்படித்தான் ஆகும்.

மெஷின் கம்பெனிக்காரன் வந்தான். மூன்றாவது சக்கரத்தைப் பற்றிக் கேட்டேன். "ரொம்ப நல்ல மாடல் தம்பி" என்றான். டாலிவரின் அறைக்குள் தடித்த காகித உறையோடு போனவன் வெறுங்கையோடு திரும்பினான்.

சம்பள நாள் வந்தது. யான்சி பை நிறையக் காசோடு மெஷின் முன்னால் நிற்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் விட்டால் அடுத்தவன் போய் நிற்பான். தொப்பியை எடுத்து நன்றாக அழுத்தி மாட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தேன்.

மணி அதிர்ந்தது. கூடமே திரும்பிப் பார்த்தது.

"மறுபடியுமா? உனக்குத் தலையே இல்லைன்னு நினைச்சேன், தொப்பி மட்டும் எப்படி நிக்குது?" என்றான் யான்சி.

"ஒரு சுற்று என் கணக்கு. ஆனா முதல்ல நம்ம சார்ஜென்ட் ஒரு பதில் சொல்லணும். அந்த மெஷின்ல மூணாவது ஏழு நிக்குமா, நிக்காதா?"

"இவன் குடிக்காமயே உளர்றான், பியரை ஊத்துங்கப்பா" என்றார் துணியால் பாரைத் துடைத்துக்கொண்டிருந்த டாலிவர். யாரும் சிரிக்கவில்லை.

யான்சியின் கை காசோடு பாதியில் நின்றிருந்தது. "சும்மா சொல்லுங்க சார்ஜென்ட். நிக்கும்தானே?" என்றான், ரொம்ப மரியாதையாக.

டாலிவர் அவனைப் பார்க்காமல் இருக்க மணி இருந்த பக்கம் திரும்பினார். அங்கே குழந்தையின் படம் இருந்தது. கையிலிருந்த துணியை மடித்தார், பிரித்தார், கீழே வைத்தார். பிறகு என்னை நேராகப் பார்த்தார்.

"நிக்காது. என்னைக்குமே நின்னதில்ல. எனக்குத் தெரியும். அதைச் சொல்லாம இருக்கத்தான் கம்பெனிக்காரன்கிட்ட உறையில காசு வாங்கிக்கிட்டு இருந்தேன்."